சிங்கப்பூர் "லா"வும் லோஜ்பானின் "கு"வும் ஒன்றா?

கேள்வி: உயர்நிலை 3 படிக்கும் என் மகள் லோஜ்பான் என்ற செயற்கை மொழியைக் கற்கிறாள். அதில் சொற்றொடர் முடிவதைக் காட்டத் தனிச் சொற்கள் உண்டாம். நாம் பேச்சில் போடும் "லா"வும் அதே வகை என்று துணைப்பாட நிலையத்தில் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். சரியா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: தவறு அம்மா. "சரி லா" என்பதில் "லா"வை எடுத்துவிடுங்கள். குரலில் இருந்த நெருக்கமோ சலிப்போ போகும். "சரி" அப்படியே நிற்கும். லோஜ்பானில் "லோ கெர்கு கு க்லாமா" என்றால் நாய் போகிறது. நடுவில் உள்ள "கு"தான் "நாய்" என்ற சொற்றொடர் முடிந்ததைக் காட்டுகிறது. அதை எடுத்தால் "கெர்கு"வும் "க்லாமா"வும் ஒட்டிக்கொண்டு, நாய் தொடர்பான ஏதோ ஒரு பயணி என்றாகிவிடும். வாக்கியமே போயிற்று!

தமிழில் "கு"வுக்குக் கிட்டத்தில் வருவது "என்று". பேச்சில் "ன்னு". "நேற்று வந்தாள் என்று சொன்னான்" என்பதில் சொன்ன செய்தி எங்கே முடிகிறது என்பது தெரிகிறது. எங்கே தொடங்குகிறது? நேற்று வந்தாளா, நேற்று சொன்னானா? தமிழ் அதைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறது. லோஜ்பான் விடுவதில்லை; மேற்கோளைத் திறக்க "லு", மூட "லிஹு".

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எல்லா "என்று"வும் இந்த வேலையைச் செய்யாது. "என்று வருவாய்?" என்பதில் அது நாளைக் கேட்கிறது. "பொத்தென்று விழுந்தது" என்பதில் ஒலிக்குறிப்போடு ஒட்டி, விழுந்த விதத்தைச் சொல்கிறது. "கவிதா என்று ஒரு பெண்" என்பதில் பெயரைச் சுட்டுகிறது. சொல்லைப் பார்த்ததும் அட்டவணையில் போடக்கூடாது. நம் பயிற்சித்தாள்களோ நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றவே வருடக்கணக்கில் பழக்குகின்றன. "என்று" எதை மூடுகிறது என்று ஒரு வகுப்பாவது காட்டக்கூடாதா?

அப்புறம், அந்த நிலையம். லோஜ்பான் போன்ற தர்க்க மொழி படித்தால் மூளை கூர்மையாகும் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஜேம்ஸ் குக் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1955இல் லோக்லான் என்ற செயற்கை மொழியைத் தொடங்கியது, மொழி சிந்தனையை மாற்றுகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான். 1987இல் அதிலிருந்து பிரிந்து வந்தது லோஜ்பான். மூளை கூர்மையாகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. லோஜ்பானின் இலக்கண நூல் இணையத்தில் இலவசம். அதை இறக்கிக் கொடுத்து, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் வாக்கியத்திலிருந்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருளின் கட்டமைப்பு குலைந்தால் வைத்துக்கொள்ளட்டும்; தொனி மட்டும் மாறினால் அடித்துவிடட்டும்.