தனக்குத் தானே காரணமான கடவுள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் இறையியலை ஒழித்துக்கட்டினார் என்று ஒரு யூடியூப் உரையில் கேட்டேன். பின்னால் வந்த பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-லுக் மரியோன் கொல்லைப்புறமாகக் கடவுளைத் திரும்ப அழைத்து வந்துவிட்டாராம். ஹைடெக்கர் நாத்திகரா? ஜெர்மன் தெரியாமல் இவர்களைப் படிக்க முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஜெர்மன் தெரியாமலும் படிக்கலாம், ஆங்கிலத்தில் நல்ல மொழிபெயர்ப்புகள் உண்டு. நாத்திகரா என்ற கேள்வியை விடுங்கள், அதனால் அவருடைய ஒரு பக்கம்கூடத் திறக்காது. கொல்லைப்புறக் குற்றச்சாட்டு பிரெஞ்சுத் தத்துவவாதி டொமினிக் ழானிகோ 1991-இல் வைத்தது, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் ‘ஒழித்துக்கட்டினார்’ என்கிறீர்களே, அதுதான் கோபமூட்டுகிறது. அப்படிச் சொல்பவர்கள் காட்டுவது ஹைடெக்கரின் ஓர் உரையை, ஒரே அமர்வில் படித்துவிடக்கூடியது. அதைப் படிக்காமலே தீர்ப்புச் சொல்லலாமா?

1957 பிப்ரவரியில் டோட்னாபெர்க்கில், ஹெகலின் தர்க்க நூல் குறித்த கருத்தரங்கின் நிறைவாக ஹைடெக்கர் பேசியது அது. கடவுள் உண்டா என்று அவர் கேட்கவில்லை. கடவுள் எப்படித் தத்துவத்துக்குள் வந்தார் என்று கேட்டார். மெட்டாபிசிக்ஸ், அதாவது இருப்பின் அடிப்படையை ஆராயும் தத்துவம், ஒரே மூச்சில் இரண்டைத் தேடுகிறது: இருப்பவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எது, அவற்றில் மற்றவற்றைத் தாங்கும் உச்சம் எது. அந்த உச்சத்துக்கு எது காரணம் என்று கேட்டுக்கொண்டே போனால் முடிவிராது. ஆகவே ‘தனக்குத் தானே காரணம்’ என ஒன்றை அங்கே நிறுத்தியாக வேண்டும். தத்துவத்தின் கடவுள் அப்படி வந்தவர். அவர்முன் மண்டியிடவோ ஆடிப்பாடவோ முடியாது என்கிறார் ஹைடெக்கர். எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பத்தியைப் பாருங்கள்: இந்தக் கடவுளைக் கைவிடும் சிந்தனை, தெய்வீகமான கடவுளுக்கு ஒருவேளை இன்னும் நெருக்கமாக இருக்கலாம் என்கிறார். ஒழிக்க வந்தவர் எழுதுகிற வரியா இது?

பொதுவையும் உச்சத்தையும் இப்படிச் சேர்த்துத் தேடும் அமைப்பைச் சுட்டும் ‘ஆன்டோ-தியாலஜி’ என்ற சொல்லை வசையாக்கி, கடவுள் பற்றிய எல்லாப் பேச்சின் மீதும் வீசுகிறார்கள். இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அக்வினாஸை என்ன செய்வது? எதுவும் தனக்கே காரணமாக முடியாது, அப்படியானால் அது தனக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் அவர். ‘தனக்குத் தானே காரணம்’ என்ற பெயரைக் கடவுளுக்குச் சூட்டியவர் 17-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி தெகார்த். 1677-இல் வந்த ஸ்பினோசாவின் ‘எத்திக்ஸ்’ அதைத்தான் முதல் வரையறையாக வைத்துத் தொடங்குகிறது. அக்வினாஸிடமோ, எல்லாவற்றுக்கும் பொதுவான இருப்பின்கீழ் கடவுள் அடங்குவதே இல்லை, அதற்கும் காரணம் அவர். பொதுவும் உச்சமும் ஒன்றையொன்று தாங்கும் அந்த வளையம் அங்கே மூடவில்லை. 1982-இல் அக்வினாஸைக் கடிந்த மரியோனே 1995-இல் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டார்.

முதலில் 1957 உரையை எடுங்கள். ‘அடித்தளம்’ என்று வரும் இடத்திலெல்லாம், பேச்சு பொதுவைப் பற்றியா உச்சத்தைப் பற்றியா என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். பிறகு அக்வினாஸின் ‘சும்மா தியாலஜியே’ (Summa Theologiae) என்ற இறையியல் நூலின் முதல் பகுதியில் இரண்டாம் கேள்வி, மூன்றாம் பிரிவு. முடித்ததும் எழுதுங்கள், மரியோனைப் பற்றி விரிவாகவே பேசலாம்.