தாமதமாக வரும் தகவலுக்கு என்ன மதிப்பு?

கேள்வி: தகவலிலிருந்து ஆற்றல் எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். ஒரு துகள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் ஆற்றல் எப்படி வரும்? தெரிந்தும் கொஞ்சம் தாமதமாகச் செயல்பட்டால்?

பதில்: நீங்கள் படித்தது 2010-இல் டோயபே, சகாவா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையாகத்தான் இருக்கும். 287 நானோமீட்டர் அளவுள்ள பாலிஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) மணிகள் இரண்டு ஒட்டிக்கொண்டு, திரவத்துக்குள் கண்ணாடிமேல் சுழல்கின்றன. மின்புலத்தால் அவற்றுக்கு, ஏற ஏற ஆற்றல் கூடும் ஒரு மாடிப்படி அமைத்தார்கள். சுற்றியுள்ள மூலக்கூறுகள் இடிப்பதால் மணி ஓயாமல் நடுங்கும், பெரும்பாலும் கீழ்ப்படிக்கு இறங்கும், எப்போதாவது தற்செயலாக மேலே தாவும். கேமரா அதைப் பார்த்ததும் மின்புலத்தை மாற்றி, மணிக்குப் பின்னால் தடுப்புச் சுவர் எழுப்பிவிடுவார்கள். யாரும் தள்ளாமலே மணி படியேறுகிறது!

ஆற்றல் தந்தது திரவத்தின் வெப்பம். எப்போது சுவர் எழுப்பவேண்டும் என்று சொன்னதுதான் தகவல். அறை வெப்பநிலையில் ஒரு பிட் (ஆமா இல்லையா என்ற ஒரே விடை அளவு) தகவலுக்கு அதிகபட்சம் சுமார் 2.9×10⁻²¹ ஜூல் கிடைக்கும், இவர்கள் தங்கள் தகவலில் 28 சதவீதத்தை ஆற்றலாக மாற்றிக் காட்டினார்கள். ஒரே வெப்பநிலையில் உள்ள வெப்பத்தை மட்டும் வைத்து வேலை வாங்க முடியாது என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி உடைந்துவிடவில்லை, அளந்ததைப் பதிந்து அழிக்கும் கருவியின் பக்கம் அந்தக் கணக்கு நேராகிவிடும் (தகவலை அழிக்க ஆற்றல் செலவாகும் என்று லாண்டவர் என்ற இயற்பியலாளர் 1961-இலேயே சொன்னார்).

சரி, தாமதம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. படம் எடுத்த கணத்தில் மணி மேலே இருந்தது, ஆனால் நீங்கள் சுவர் எழுப்பும்போது அது ஏற்கெனவே சறுக்கிக் கீழே போயிருக்கலாம். குறித்துவைத்த தகவல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதற்கும் மணி இப்போது இருக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு போய்விட்டது. அந்தத் தொடர்புதான் ஆற்றலாக மாறுகிறது, அதனால் தாமதம் கூடக்கூடக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. தப்பான நேரத்தில் மாற்றினால் நாம்தான் மணிக்கு ஆற்றல் கொடுத்துக்கொண்டிருப்போம்.

ஆடும் ஊஞ்சலை நிறுத்த எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அரை ஆட்டம் தாமதித்தால் அதே தள்ளு ஊஞ்சலை இன்னும் வேகமாக்கும். நடுங்கும் நுண்ணிய கம்பிகளைப் பின்னூட்டத்தால், அதாவது ஆட்டத்தை அளந்து எதிராகத் தள்ளி, குளிர்விக்கும்போதும் இதேதான், அரைச் சுற்றுத் தாமதம் கம்பியைச் சூடாக்கிவிடும். ஆனால் முழுச் சுற்று தாமதித்தால் மறுபடி குளிரும்! கம்பி ஒரே சீராக நெடுநேரம் ஆடுவதால் பழைய தகவல் அங்கே செல்லுபடியாகும். திரவத்தில் கிடக்கும் மணிக்கு அப்படி ஒரு சீரான ஆட்டம் கிடையாது.