வேதாகம உருவகங்களைக் கொண்டு தனி ஜெபத்தை ஆழப்படுத்துவது எப்படி?

"தினமும் ஜெபிக்கிறேன், ஆனால் வாயில் வருவது அதே நாலு வாக்கியம்தான்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நல்லதுதான், மேலே படியுங்கள்.

என் மாமனார் பக்கவாதத்தில் விழுந்திருந்த காலத்தில் என் ஜெபமும் அப்படித்தான் இருந்தது. சுகம் தாரும், பெலன் தாரும், ஆமென். ராத்திரியில் அவர் விரிப்பை நனைத்துவிட்டால் அப்போதே அலசி மொட்டைமாடியில் காயப்போடுவேன். அப்படி ஒரு ராத்திரி, கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு கொடிக்கு அடியில் நிற்கும்போது வேதாகமத்தின் ஜெபப் பாட்டுகளில் ஒன்றான 102-ஆம் சங்கீதம் ஞாபகம் வந்தது. தூக்கமில்லாமல் விழித்திருந்து, வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன் என்று வருமே, அது. "ஆண்டவரே, அந்தக் குருவி நான்தான்" என்றேன். அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. கொழுந்தன்மார் போனில் மட்டும் விசாரிப்பது, மாமா சோற்றுக் கையைத் தட்டிவிடுவது, 'சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று எனக்கே தோன்றுவது எல்லாம் வந்தது. முழங்காலில் நின்று கண்ணை மூடிச் சொல்ல வராத விஷயங்கள் இவை.

அதனால் அழகான உருவகமாகத் தேடாதீர்கள். உங்கள் நிலைமைக்கு ஒத்துவருவதை எடுங்கள். 119-ஆம் சங்கீதத்தில், புகையிலுள்ள துருத்தியைப்போலானேன் என்கிறான் சங்கீதக்காரன். துருத்தி என்றால் தோல்பை. புகை படியும் இடத்தில் தொங்கினால் கறுத்துச் சுருங்கிப்போகும். வேலை பார்க்கும் இடத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இது உடனே புரியும். பிரசங்கக் குறிப்பு எடுக்க வேண்டாம். அதற்குள்ளேயே நின்று பேசுங்கள். நான் எங்கே தொங்குகிறேன், புகை யாரால் வருகிறது? "உம்முடைய பிரமாணங்களையோ மறவேன்" என்று வசனம் முடிகிறது. அது வாயில் வராவிட்டால், வரவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் அந்த ஒரே படம் போதும்.

மனதில் படம் வைத்து ஜெபிப்பது விக்கிரகம் என்று யாராவது, சிலை செய்து வணங்காதே என்கிற யாத்திராகமம் 20-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். நான் எதையும் செதுக்கி வணங்கச் சொல்லவில்லை. எருசலேமைப் பார்த்து அங்கலாய்த்தபோது ஆண்டவர் இயேசுவே கோழியையும் குஞ்சுகளையும் சொல்லித்தானே பேசினார்? "இது கத்தோலிக்கப் பழக்கம்" என்பார்கள் இன்னும் சிலர். வேதக் காட்சிக்குள் மனதால் நுழைந்து ஜெபிக்க, கத்தோலிக்கரின் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்ததும், அந்தப் பயிற்சிகளைப் போப் 1548-இல் அங்கீகரித்ததும் உண்மைதான். நான் சி.எஸ்.ஐ.காரி, அதாவது புராட்டஸ்டன்ட் தென்னிந்தியத் திருச்சபை. இருந்தாலும் சங்கீதம் இரண்டு சபைக்கும் பொதுதானே?

வருஷப் பிறப்பு ஆராதனையில் கொடுக்கிற, அந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் இந்தத் துருத்தி என்றைக்காவது வந்திருக்கிறதா? சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அட்டையிலோ எப்போதும் கழுகும் பனைமரமும்தான்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாமாவைப் பார்க்க ஒரு ஜெபக்குழு வந்தது. அந்தச் சின்ன அறையில் அவர்கள் போட்ட சத்தத்தில் மாமா பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது ஒருவர், "வீட்ல விசுவாசம் கொஞ்சம் குறைவா இருக்கு, சிஸ்டர்" என்றார். அவர் குடித்த காப்பி டம்ளரைக் கழுவியதும் நான்தான். நோயாளி இருக்கிற வீட்டில் மெதுவாக ஜெபித்தால் கர்த்தருக்குக் கேட்காதா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கர்த்தர் என் மேய்ப்பர் என்று வரும் 23-ஆம் சங்கீதத்தில் ஆரம்பிக்காதீர்கள். சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடம் ஆனது, வாய் தன்பாட்டுக்கு ஓடிவிடும். கடன், கோர்ட், கேஸ் என்று கழுத்துவரை இருந்தால் 69-ஐ எடுங்கள். உளையில், அதாவது ஆழமான சேற்றில், கால் நிலைகொள்ளாமல் அமிழ்கிறவன் கத்துவது அது. ஜெபிக்கவே பிடிக்கவில்லை என்றால் 42, தண்ணீருக்குத் தவிக்கிற அந்த மான். தூக்கம் வராதவர்களுக்கு 102.