பிரிட்டன் வோல் எலிகள் ஏன் தென் ஐரோப்பியக் கிளைகளில் சேரவில்லை?

பனியுகத்தில் ஐரோப்பாவின் காடுவாழ் விலங்குகள் ஸ்பெயின், இத்தாலி, பால்கனில் மட்டுமே தப்பின என்று படித்திருக்கிறீர்கள். சைட்டோகுரோம் பி என்பது மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும், தனி டிஎன்ஏ உள்ள உறுப்பு) ஒரு மரபணு. அதைக் கொண்டு நீங்கள் வரைந்த வம்சாவளி மரத்திலோ பிரிட்டனின் வோல் எலிகள் (காட்டில் வாழும் ‘பேங்க் வோல்’ என்ற சிறு கொறிணி) அந்த இடங்களின் கிளைகளில் சேரவில்லை. பிழையா என்று கேட்டீர்கள்.

பெரும்பாலும் இல்லை. இந்த எலிக்கு நடு, கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைப்பகுதியும் புகலிடமாக இருந்தது. பனி விலகியதும் வடக்கே பரவியதில் ஸ்பானிய, இத்தாலியக் கிளைகளின் பங்கு குறைவு.

ஆனாலும் ஒன்றைச் சோதியுங்கள். டிஎன்ஏ எழுத்து வரிசையை முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணையில் (எந்த மூன்று எழுத்து எந்த அமினோ அமிலம் என்று சொல்வது) புரதமாக மாற்றுங்கள். பொது அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து, புரதம் முடியும் இடத்தைக் காட்டும் நிறுத்தக் குறியாகத் தெரியும். மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம். சரியான அட்டவணையிலும் நடுவே நிறுத்தக் குறி வந்தால், வரிசை படித்ததில் பிழை இல்லையென்றால், நீங்கள் பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கியது பெரும்பாலும் செல்லின் உட்கரு டிஎன்ஏவுக்குள் போய்ச் செயலிழந்த போலி நகல். அந்த மாதிரியை நீக்குங்கள்.

அயர்லாந்து மாதிரிகளைச் சேர்க்காதீர்கள். அவை 20ஆம் நூற்றாண்டில் மனிதர் கொண்டுவந்த கூட்டம். வட ஸ்காண்டிநேவிய எலிகளையும் சேர்க்காதீர்கள்: அவற்றிடம் சிவப்பு வோல் என்ற வேறு இனத்தின் மைட்டோகாண்ட்ரியா கலந்திருக்கிறது, அவை மரத்தையே திருப்பிவிடும்.

கிளைகள் எப்போது பிரிந்தன என்ற காலக்கணிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். லட்சக்கணக்கான ஆண்டுப் புதைபடிவங்களிலிருந்து எடுத்த மெதுவான டிஎன்ஏ மாற்ற வேகத்தைப் போட்டால், பனி விலகியபின் நடந்த பிரிவுகூடப் பனியுகத்துக்கு முந்தையதாகத் தெரியும். கதிரியக்கக் கார்பன் முறையில் வயது கணித்த பழைய எலும்புகளின் டிஎன்ஏவைக் கொண்டு அளவு திருத்துங்கள்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டுமே சொல்லும். முடிந்தால் ஹீமோகுளோபின் மரபணுவையும் பாருங்கள்: பிரிட்டனுக்குள் இரண்டு அலைகளாக எலிகள் வந்த தடம் அதில் தெற்கு வடக்காகவே பிரிந்து தெரியும்.