பழைய பிக்கப்புக்கு எந்த பிரேக் பேட்?

15 வருடப் பழைய பொலேரோ பிக்கப்பில் காய்கறி ஏற்றி மலைப்பாதையில் ஓட்டுகிறீர்கள். செராமிக் (பீங்கான் வகை) பேட் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் என்பேன். செராமிக்கில் சத்தமும் கரித்தூளும் குறைவுதான், ஆனால் அது காருக்குத்தான் பொருத்தம். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில், பேட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டிலும் பிடிப்பது இரும்புத் துகள் கலந்த செமி மெட்டாலிக் பேட். குளிரில் கிறீச்சிடும், டிஸ்க்கையும் சற்று வேகமாகத் தேய்க்கும். பொறுத்துக்கொள்ளலாம், மலிவான பேடைப் போட்டு ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வியர்த்தவன் நான்.

முதலில் டிஸ்க்கின் தடிமனை அளந்து பாருங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால் எவ்வளவு நல்ல பேடும் ஒருபக்கமாகத் தேயும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.