பயணத்தில் இயற்கைக் காட்சிகளை எடுக்க சின்ன மிரர்லெஸ் கேமரா போதுமா? எந்த லென்ஸ் வாங்கலாம்?

தாராளமாகப் போதும். நானும் முதலில் பெரிய ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருந்தவன்தான். பாதி நாள் அது தங்கும் அறையிலேயே கிடக்கும். ‘இன்றைக்கு நடை அதிகம், வேண்டாம்’ என்று விட்டுவிட்டுப் போவேன். அன்றைக்குப் பார்த்துத்தான் மழை விட்டு, பள்ளத்தாக்கு முழுக்க மேகம் இறங்கி நிற்கும்!

இப்போது வைத்திருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்ன மிரர்லெஸ் வகை. ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 2008இல் அறிவித்த அமைப்பு. படம் பதியும் சென்சார் 17.3 × 13 மி.மீ.; ஃபுல் ஃப்ரேமின் (36 × 24) பரப்பில் ஏறக்குறைய கால்வாசி. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் பகலில், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) எடுத்த படத்தை ஓரளவு பெரிதாக அச்சிட்டாலும் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இரவு வானமும் நட்சத்திரமும்தான் உங்கள் ஆசை என்றால் பெரிய சென்சார் பக்கம் போங்கள், அங்கே இது திணறும்.

பழைய கேமராவின் பழக்கத்தை மட்டும் இதற்குக் கொண்டுவராதீர்கள். நான் கொண்டுவந்தேன். முதல் பயணத்தில் முன்னாலிருக்கும் பாறை முதல் பின்னாலிருக்கும் மலை வரை எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்று அத்தனை படங்களையும் எஃப் 16இல் எடுத்துத் தள்ளினேன் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறுக்கும்). ராத்திரி லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால், பாறை இடுக்கில் முளைத்திருந்த புல் தனித்தனி இழையாக இல்லாமல் பச்சையாக ஈஷிக்கொண்டு கிடந்தது. லென்ஸ்தான் கோளாறு என்று அதைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன்மேல் தப்பே இல்லை. லென்ஸின் துவாரம் சிறுத்துக்கொண்டே போனால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். சின்ன சென்சாரில் விழுந்த படத்தை அதிகம் பெரிதாக்கிப் பார்ப்பதால், அந்த மங்கல் சீக்கிரமே கண்ணில் படும்.

இதில் எஃப் 5.6 வைத்தாலே ஃபுல் ஃப்ரேமில் எஃப் 11 தரும் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், கிடைத்துவிடுகிறது. லென்ஸை 12 மி.மீ. என்ற அகலமான கோணத்தில் வைத்து, எஃப் 5.6 வைத்து, மூன்று எட்டு தள்ளி, அதாவது சுமார் 2 மீட்டரில் இருக்கும் ஒரு கல்லில் ஃபோகஸ் செய்யுங்கள். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். எஃப் 8ஐத் தாண்டி நான் போவதே அபூர்வம்.

சரி, லென்ஸ். நிலக்காட்சி என்றதும் எல்லோரும் முதலில் அல்ட்ரா வைட், அதாவது மிக அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ், வாங்க ஓடுகிறார்கள். எதிரே மலை பிரம்மாண்டமாக நிற்கும். படத்தில் பார்த்தால் கரையான் புற்று மாதிரி இருக்கும், மீதியெல்லாம் வெறும் வானம். முன்னால் பூவோ கல்லோ ஓடையோ இருந்தால்தான் வைட் எடுபடும். என்னைக் கேட்டால், கேமராவோடு வரும் சின்ன ஜூமுக்கு அடுத்து வாங்க வேண்டியது தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் சின்ன டெலி ஜூம். அடுக்கடுக்காக வெளிறிக்கொண்டே போகும் மலை முகடுகள், சரிவில் விழும் ஒற்றை வெயில் பட்டை, இதெல்லாம் அதில்தான் சிக்கும்.

என் பையில் இருப்பது பானசோனிக்கின் 12-32 மி.மீ. ஜூம், கூடவே 35-100 மி.மீ. எஃப் 4-5.6 டெலி ஜூம். முதலாவது 70 கிராம், இரண்டாவது 135 கிராம். இரண்டுமே வெளிச்சம் குறைவாக வாங்கும் லென்ஸ்கள்தான். எஃப் 5.6இல் எடுக்கிறவனுக்கு அதனால் என்ன? 12-32இல் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று: என்னிடமிருப்பதில் ஃபோகஸ் வளையமே கிடையாது. திரையில் அந்தக் கல்லைத் தொட்டுத்தான் ஃபோகஸ் செய்கிறேன்.

பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் ஈர இலைக்கும் தண்ணீருக்கும் போடுங்கள். வைட்டில் வானத்துக்குப் போட்டால் ஒரு பக்கம் அடர் நீலம், மறுபக்கம் வெளிறல் என்று திட்டுத் திட்டாக வரும்.

அப்புறம், லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்துவிட்டுக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். பழைய பெரிய கேமராக்களில் இருப்பதுபோல் முன்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி (மிரர்) இல்லாததால் பெரும்பாலான மாடல்களில் சென்சார் திறந்தபடியே இருக்கும். ஒரு தூசு ஒட்டினால் அன்றைய வானமெல்லாம் புள்ளிதான். கூடுதலாக இரண்டு பேட்டரியாவது வையுங்கள். குளிரான இடம் என்றால் அவற்றைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.