சுடுநீர் நுண்ணுயிரின் புரதம் எதற்கு?

கேள்வி: “நமக்கு வேண்டிய வினை நடப்பது 30 டிகிரியில். அப்புறம் ஏன் 60, 70 டிகிரியில் வாழும் நுண்ணுயிரின் புரதத்தை எடுத்து மாற்றியமைக்கிறார்கள்?”

நீங்கள் ஆய்வு மாணவர், வழிகாட்டி இப்படி ஒரு புரதத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். கொடுத்துவைத்தவர் நீங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் ஆய்வின் முதல் ஒன்றரை வருடம் சாதாரண பாக்டீரியா ஒன்றின் நொதியோடு, அதாவது வினையை வேகப்படுத்தும் புரதத்தோடு, மல்லுக்கட்டினேன். புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்றை மாற்றினால் தாங்கும். இரண்டாவதை மாற்றியதும் மடிப்பு குலைந்து கட்டிதட்டிவிடும். 2023இல் லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு வாரக்கடைசியில் ஜெனரேட்டரும் ஓடவில்லை. திங்கள் காலை ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. உள்ளே இருந்த மாதிரிகள் ஒன்றும் தேறவில்லை. அன்று அழுதேன்.

அதன்பிறகுதான் தெர்மஸ் ஸ்கோட்டோடக்டஸ் எஸ்ஏ-01 என்ற, சூட்டில் வாழும் பாக்டீரியா பக்கம் வந்தேன். அது எங்கள் நாட்டு பாக்டீரியா. தங்கச் சுரங்கத்தில் 3.2 கிலோமீட்டர் ஆழத்துச் சுடுநீரில் கிடைத்தது. அதன் ‘பழைய மஞ்சள் நொதி’யைப் படிகமாக்கிக் கண்ட வடிவத்தை 2010இல் வெளியிட்ட குழுவிலும் இந்நாட்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அந்த நொதியை ஈ. கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவுக்குள் உருவாக்கி, செல்களை உடைத்து, குழாயை 70 டிகிரி தண்ணீரில் வைத்தேன். ஈ. கோலையின் புரதங்கள் பால் திரிவதுபோல் திரிந்தன. சுழற்றி எடுத்தால் அடியில் வெள்ளை வண்டல், மேலே மாரியம்மன் கோயில் மஞ்சள் நீர் போலத் தெளிந்த திரவம். நொதியோடு ஒட்டியிருக்கும், பி2 வைட்டமினிலிருந்து வரும் எஃப்எம்என் என்ற மூலக்கூறு தரும் நிறம் அது. பாதி சுத்திகரிப்பு அங்கேயே முடிந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எந்த மாற்றமும் பெரும்பாலும் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தும். சாதாரணப் புரதம் மடிந்து நிற்பதே விளிம்பில்தான். சூட்டில் வாழ்வதன் புரதத்தில் எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துப் பிடிக்கும் உப்புப் பாலங்கள் அதிகம், உள்ளே இறுக்கமான அடுக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைவுகள் குட்டை. எல்லாப் புரதத்திலும் மூன்றும் இருக்காது. ஆனால் 30 டிகிரியில் அதன் கையில் உறுதி மிச்சம் இருக்கிறது, நாம் அதைச் செலவழிக்கலாம். உறுதியான புரதம் புதுவேலையை எளிதாகக் கற்கும் என்று நொதிகளை மாற்றியமைத்து நோபல் பரிசு பெற்ற பிரான்சஸ் ஆர்னால்டின் குழு 2006இல் காட்டியது.

“ஆல்ஃபாஃபோல்டு இருக்கிறதே” என்று யாராவது வருவார்கள். அது ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல், புரதத்தின் வடிவத்தைச் சொல்லும். எத்தனை டிகிரியில் குலையும் என்று சொல்லாது. குறைந்த சூட்டில் இந்த நொதிகள் மந்தமாக இருப்பதுண்டு, அதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழில் அறிவியல் எழுதும்போதெல்லாம் “தென்னாப்பிரிக்காவில் தமிழ் தெரியுமா?” என்று கேட்கிறார்கள். 1860இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவள் நான். இது சனிக்கிழமை வகுப்பில் எங்கள் பாட்டி எழுதவைத்த தமிழ்.

சரி, உங்கள் விஷயம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் உருகும் வெப்பநிலையை, அதாவது புரதத்தின் மடிப்பு குலையும் சூட்டை, அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அடுத்ததில் கைவைக்கலாம்.